பச்சைப் புடவையில் ஐந்தாவது ஆள்

“மூணாவதா நிக்கிறது என் பொண்ணும்மா.”

தொலைபேசியில் அந்தக் குரல் முதலில் சொன்னதே இதுதான். வணக்கம் கிடையாது, யார் பேசுகிறார் என்ற விவரம் கிடையாது. பின்னால் ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். வெளியே மழை விட்டு வெயில் வந்திருந்தது. நான் கோப்பி ஓவை, பால் சேர்க்காத கருப்புக் காப்பியை, ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

“எந்தப் படம்க்கா?”

“நீங்க போட்ட படம்தாம்மா. விருது வாங்குன டீச்சருங்க படம். கலைவாணின்னு பேரும் போட்டிருக்கீங்களே. நல்லா வந்திருக்கா. முகம்தான் கொஞ்சம் தெளிவா இல்ல. பெரிசா ஒரு காப்பி கிடைக்குமா?”

இதில் என்ன கஷ்டம். இப்படிக் கேட்டு மாதத்துக்குப் பத்துப் பெற்றோராவது அழைப்பார்கள்.

“தாராளமா அனுப்புறேன்க்கா. கலைவாணி டீச்சருக்கே அனுப்பிடுறேன். அவங்க மின்னஞ்சல் எங்கிட்ட இருக்கு.”

மெஷின் நின்றது.

“அவ போயி நாலு மாசமாச்சும்மா,” என்றார் அந்த அம்மா. “அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன்.”

தலைக்கு ஒரு பெயர்

இந்தத் தொடரைப் படிக்கும் நண்பர் ஒருவர், “நீ கடைசி வரைக்கும் என்ன வேலைதான் பார்த்தே, அதைச் சொல்லவே இல்லையே” என்று போன வாரம் கடிந்துகொண்டார். நியாயம்தான். சமையல், சண்டை, வீடு மாறின கதை என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுச் சோறு போட்ட வேலையை விட்டுவிட்டேன்.

ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பள்ளியில் இருந்தேன். ஆசிரியர்களை உருவாக்கும் இடம். அங்கே வாரம் ஒருமுறை ‘செய்திகளும் சாதனைகளும்’ என்று ஒரு மடல் வெளிவரும். யாருக்கு விருது, யாருக்குப் பதவி உயர்வு, யார் எந்த ஊர் மாநாட்டில் பேசினார் என்று எல்லாம் அதில் வரும். அதைத் தொகுப்பது நான். ஊரார் சாதனையை எழுதி எழுதியே என் தலை நரைத்தது.

பேராசிரியர்கள் பொல்லாதவர்கள். தன் செய்தி இரண்டாவதாக வந்துவிட்டது என்று மூன்று நாள் என்னிடம் முகம் கொடுக்காமல் போனவர் உண்டு. படத்தில் தன் வழுக்கை தெரிகிறது என்று மெனக்கெட்டு என் அறைக்கு வந்து குறைபட்டவரும் உண்டு. நானும் லேசுப்பட்டவள் இல்லை. “வழுக்கையைக் கேமரா கொண்டுவரலை, சார்” என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்கு ஒரே ஒரு விதி. படத்தில் எத்தனை தலையோ கீழே அத்தனை பெயர். இடமிருந்து வலமாக, ஒன்றுகூட மாறக்கூடாது. அச்சுக்குப் போகும் முன் விரல் வைத்து எண்ணுவேன். இந்த விதியால் எனக்குத் ‘தலை எண்ணுறவங்க’ என்று ஒரு பட்டப்பெயர்கூட இருந்தது. என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்த அம்மாவிடம் “மறுபடி கூப்பிடுறேன்க்கா” என்று சொல்லி வைத்துவிட்டுப் படத்தைத் திறந்தேன்.

ஐந்து பெண்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரி மயில்பச்சைப் புடவை, அரக்கு நிற பிளவுஸ். தொடக்கப்பள்ளியில் வாயே திறக்காத பிள்ளைகளைத் தமிழில் பேச வைக்கும் ஒரு கற்பித்தல் திட்டத்துக்காக அந்தத் தமிழாசிரியர் குழுவுக்கு விருது கிடைத்திருந்தது. வேலை பார்த்துக்கொண்டே எங்களிடம் மேற்படிப்புப் படித்தவர்கள். விரலை வைத்து எண்ணினேன். ஐந்து தலை, ஐந்து பெயர். மூன்றாவது பெயர் கலைவாணி.

மூன்றாவதாக நின்றவள் முகம் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது. படம் எடுத்த நேரத்தில் திரும்பியிருப்பாள் என்று நினைக்கலாம். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. விருது விழா நடந்தது போன வாரம். அவள் இறந்தது நான்கு மாதத்துக்கு முன்னால்.

கோப்பி ஆறிப்போய்விட்டது. அப்படியே வைத்துவிட்டேன்.

“நாங்க நாலு பேர்தான்”

குழுத் தலைவி நிர்மலாவுக்குப் போன் போட்டேன். செய்தியையும் படத்தையும் படிவத்தில் நிரப்பி அனுப்பியது அவள்தான். பள்ளியில் இடைவேளை போலிருக்கிறது, பின்னால் பிள்ளைகள் சத்தம்.

“நிர்மலா, அந்தப் படத்துல மூணாவதா நிக்கிறது யாரு?”

நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு கதவைச் சாத்தினாள். பிள்ளைகள் சத்தம் அடங்கியது.

“மேடம், நாங்க நாலு பேர்தான் நின்னோம்.”

“அஞ்சு பேர் இருக்காங்களே?”

“பார்த்தேன் மேடம். நேத்து மடல் வந்ததும் பார்த்தேன். பார்த்துட்டு போனைக் கவுத்து வச்சிட்டேன்.”

“ஏன் எனக்குச் சொல்லலை?”

“என்னன்னு மேடம் சொல்றது?” என்றாள். “அந்தப் புடவை அஞ்சு பேரும் சேர்ந்து சிராங்கூன் ரோட்ல எடுத்தது. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே கலைதான் இழுத்துட்டுப் போனா. கட்டாயம் நமக்குத்தான் விருது, மேடைக்கு ஒரே கலர்ல போவணும்னா. அப்புறம் அவளுக்கு உடம்பு முடியாமப் போயி, ரெண்டே மாசம்தான் இருந்தா. விழா அன்னிக்கு நாங்க பேசி வச்சு நடுவுல அவளுக்கு எடம் விட்டு நின்னோம். ஒரு ஆள் நிக்கிற எடம். படம் எடுத்தவர்கூட நெருங்கி நில்லுங்கன்னு சொன்னாரு. நாங்க நகரலை.”

“படிவத்துல அஞ்சு பேர் போட்டிருந்தியே?”

“அவ செஞ்ச வேலைதானே மேடம். பேரை எப்படி எடுக்க முடியும்? காலமாயிட்டாங்கன்னு எழுதலாம்னா படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல.”

உண்மை. அந்தப் படிவத்தை வடிவமைத்தவளே நான்தான். பெயர், பதவி, சாதனை, படம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் வைத்திருந்தேன்.

போனை வைக்கும்போது நிர்மலா கேட்டாள். “மேடம், அது யாரு?”

“தெரியலை. கேட்டுச் சொல்றேன்,” என்றேன்.

செம்பவாங் பலகை

படங்களைச் சரிசெய்து மடலை வடிவமைப்பவன் டெரன்ஸ். என்னோடு ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். வீட்டில் பையனுக்குக் காய்ச்சல், மதியம்தான் வருவேன் என்று செய்தி அனுப்பியிருந்தான். அதுவரை அந்தப் படத்தோடு நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். மூடி வைத்தேன். மூடிய பிறகும் அது அங்கேயே இருப்பது போலிருந்தது.

அப்போது எனக்கு அப்பா சொன்ன ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். வாசலில் ஒரு பெரிய பலகை இருக்குமாம். ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை, அதில் எண். வேலைக்குள் போகும்போது வில்லையை ‘உள்ளே’ பக்கத்து ஆணியில் மாட்ட வேண்டும், வெளியே வரும்போது ‘வெளியே’ பக்கம் மாற்ற வேண்டும்.

முத்தையா என்று ஒருவர். உள்ளே வேலையில் இருக்கும்போது நெஞ்சு வலி வந்து, வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. அவசரத்தில் வில்லையை யார் நினைப்பார்கள்? அது ‘உள்ளே’ பக்கமே தொங்கியது.

மாலையில் எல்லாரும் வெளியே வந்தாகிவிட்டது. பலகையில் ஒரே ஒரு வில்லை மட்டும் உள்ளே. யாரும் கைவைக்கவில்லை. அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் அப்படியே. “எடுத்து மாட்டுறதுக்கு ஒரு செகண்டு ஆவாது. ஆனா யாராலயும் முடியலை. கடைசி ஆளா வெளிய வர்றவன் பலகையைப் பார்க்காமயே ஓடிருவான்” என்பார் அப்பா. ஒரு வாரம் கழித்து வாசலில் கணக்கு எழுதும் கிராணி, மலாய்க்காரர், ஏதோ ஓதிவிட்டு அதை எடுத்து ஒரு உறைக்குள் போட்டாராம்.

சாப்பிடும்போது இதையெல்லாம் பேசணுமா என்று அம்மா அப்பாவைத் திட்டியது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்று வீட்டில் நெத்திலி சம்பால்.

டெரன்ஸ் சொன்னது

இரண்டு மணிக்கு டெரன்ஸ் வந்தான். வந்ததும் வராததுமாகப் படத்தைக் காட்டினேன். அவன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். பேச்சோடு ஒட்டிவரும் ‘லா’ மட்டும் அவனுடையது.

“இதுவா? நீங்கதானே லா சரிசெய்யச் சொன்னீங்க?”

“நான் எப்போ சொன்னேன்?”

மின்னஞ்சலைத் திறந்து காட்டினான். என் கையால் எழுதிய ஒற்றை வரி. ‘பெயர் ஐந்து, தலை நான்கு. யாரோ விடுபட்டிருக்கிறார். சரிசெய்.’ அந்த வாரம் மடலில் முப்பது செய்திக்கு மேல். எழுதியதையே மறந்துபோயிருந்தேன்.

வேறு படம் இருக்கிறதா என்று டெரன்ஸ் தேடியிருக்கிறான். இல்லை. நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடம் இருந்திருக்கிறது. அவனிடம் இருக்கும் புது மென்பொருளில் வெற்று இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, இங்கே ஒரு பெண் நிற்க வேண்டும் என்று எழுதினால் போதும், சுற்றி இருப்பதைப் பார்த்து அதுவே வரைந்துவிடும். மடலில் படம் தபால்தலை அளவுக்குத்தான் வரும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். மூன்று பெண்களை வரைந்து காட்டியதாம். ஒருத்திக்கு ஆறு விரல், ஒருத்திக்கு முகமே சரியில்லை. மிச்சமிருந்தவளை எடுத்துக்கொண்டான்.

ஐந்து தலையோடு படம் என்னிடம் வந்தது. நான் விரல் வைத்து எண்ணினேன். சரி என்று போட்டேன்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பயந்து செத்துக்கொண்டிருந்தேனே, கடைசியில் ஒரு மென்பொருளா. பிறகுதான் உறைத்தது. செத்துப்போன பெண்ணின் இடத்தில் யாருமே இல்லாத ஒருத்தியை நிறுத்தி, அவள் பெயரையும் போட்டு, ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறேன். பெற்ற தாய் அதைப் பார்த்துவிட்டுப் பெரிய காப்பி கேட்கிறாள்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் போட்ட உத்தரவு இதுதான்: மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குத் திருத்தம் போக வேண்டும், அசல் படத்தோடு. கலைவாணியின் பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று போட வேண்டும். “அந்தத் தாயாரிடம் முன்னாலேயே யாராவது சொல்லிவிடுவது நல்லது,” என்றார். யாராவது என்றால் நான்தான்.

தேக்கா மேல்மாடி

மறுநாள் காலை தேக்கா சந்தைக்குப் போனேன். அந்த அம்மா பெயர் ராஜேஸ்வரி. மேல்மாடியில், துணிக்கடைகளுக்கு நடுவில் ஒரு சின்னத் தையல் கடை. கீழேயிருந்து மீன் வாடையும் பிரியாணி வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தன. என் கைப்பையில் அசல் படம் ஒரு கோப்புக்குள் இருந்தது.

கடைக்குள் நுழைந்ததும் எதிரே கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தப் படம். எங்கேயோ கொடுத்துப் பெரிதாக அச்செடுத்து ஒட்டியிருந்தார். பெரிதாக்கியதில் முகம் இன்னும் மோசமாகக் கலைந்திருந்தது.

“உக்காருங்கம்மா. நீங்களே வருவீங்கன்னு நெனைக்கலை,” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அறுபது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா.

எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார்.

“முகத்தைப் பார்த்தா நானே நம்பியிருக்க மாட்டேன். யாரோன்னு விட்டிருப்பேன். கையைப் பாருங்க.”

எழுந்து போய்ப் பார்த்தேன். மற்ற நால்வரின் பிளவுஸ் கையும் வெறுமனே மடித்துத் தைத்தது. மூன்றாவது பெண்ணின் வலது கை ஓரத்தில் மட்டும் மெல்லிய தங்கக் கோடு. ஓரத்தில் வேறு நிறத் துணியைச் சுருட்டி வைத்துத் தைப்பார்களே, அந்தப் பைப்பிங். இடது கையில் அது இல்லை. துணி வெட்டினபடியே பிசிறாக இருந்தது.

ராஜேஸ்வரி அக்கா மெஷின் இழுப்பறையைத் திறந்தார். காகிதத்தில் சுற்றியிருந்த ஒரு அரக்கு பிளவுஸை எடுத்து என் மடியில் வைத்தார்.

வலது கை ஓரத்தில் தங்க நிறப் பைப்பிங். இடது கை முடியவில்லை. பிசிறு தொங்கியது.

“மத்தவங்க எல்லாம் வெளியில குடுத்தாங்க. இவளுக்கு நான் தைச்சேன். பைப்பிங் வைக்கிறேன்னு அவகிட்டக்கூட சொல்லலை. போட்டுப் பார்க்கும்போது தெரியட்டும்னு இருந்தேன். வலது கை முடிச்சு, இடது கைக்குத் துணியை மடிக்கிறப்பதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. அப்படியே உள்ள வச்சேன். அதுக்கப்புறம் இதை வெளிய எடுக்கவே இல்ல. இதை யாரும் பார்த்ததில்லம்மா. அவளும் பார்த்ததில்ல.”

எனக்குக் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. மேலே மின்விசிறி ஓடியது, அதனால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லத்தானே வேண்டும். டெரன்ஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். என் ஒற்றை வரியையும் மறைக்கவில்லை. “இது கலைவாணி இல்லக்கா. யாருமே இல்ல. மெஷின் வரைஞ்சது. புடவை பார்டர்ல இருந்த தங்கக் கலரை எடுத்துக் கையில போட்டிருக்கும். இன்னொரு கையைச் சரியா வரையத் தெரியாம பிசிறா விட்டிருக்கும்.”

அவர் கடைசி வரை கேட்டார்.

“மெஷினுக்கு எம் பைப்பிங் எப்படிம்மா தெரியும்?”

“தெரியாதுக்கா. தற்செயலா அமைஞ்சதுதான்.” என் குரலை என்னாலேயே நம்ப முடியவில்லை.

“எடுத்துருவீங்களா?”

“இன்னிக்கு மதியம் திருத்தம் வருது. அசல் படத்தைப் போடுறோம். பேரு இருக்கும்க்கா. பேரை எடுக்கலை. மறைந்தன்னு ஒரு வார்த்தை சேரும், அவ்வளவுதான்.”

அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். “நாலு மாசமா எல்லாரும் எடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. ஸ்கூல்ல அவ மேசையை எடுத்தாங்க. போன் நம்பரை எடுத்தாங்க. பேங்க்ல, கிளப்புல எல்லா எடத்துலயும் பேரை எடுத்தாங்க. நீங்க ஒருத்தருதான் கொண்டாந்து நிறுத்துனீங்க. அதையும் எடுக்கணுமா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவதற்காக வந்தவள் இல்லை நான். கோப்பைத் திறந்து அசல் படத்தை நீட்டினேன். பேசத் தெரியாத நேரத்தில் கையில் இருப்பதைத்தானே நீட்ட முடியும்.

வெகுநேரம் பார்த்தார். நான்கு பெண்கள். நடுவில் இடம். பின்னால் இருந்த திரையின் மடிப்பு அந்த இடத்தில் தெரிந்தது.

“எடம் விட்டு நின்னிருக்காங்க,” என்றார்.

“ஆமாக்கா. பேசி வச்சு நின்னிருக்காங்க. நெருங்கி நிக்கச் சொன்னப்பகூட நகரலையாம்.”

அவர் அசல் படத்தையும் சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பார்வை என் மடியில் இருந்த பிளவுஸுக்கு வந்தது. முகம் மாறியது.

“எடம் விட்டதும் வந்து நின்னிருக்கா. அம்புட்டுப் பேருக்கு முன்னாடி ஒரு கை முடிக்காத பிளவுஸோட வந்து நின்னிருக்கா. நான் முடிக்காமப் போட்டதாலதானே?”

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எத்தனை மணிக்கு எடுப்பீங்க?”

“பன்னிரண்டு.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

“கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கம்மா. இதை முடிச்சிடறேன். அப்புறம் எடுங்க.”

கடைக்கு வெளியே வந்து டெரன்ஸை அழைத்தேன். நான் சொல்கிற வரைக்கும் அனுப்பாதே என்றேன். ஏன் என்று கேட்டான். “கேக்காத லா,” என்றேன்.

தங்க நிறத் துணியை இழுப்பறையின் அடியிலிருந்து எடுத்தார். அதுவும் நான்கு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. மெஷினில் உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. ஓரத்தை மடித்து, நகத்தால் அழுத்தி, சுருட்டி வைத்து, மெல்ல ஓட்டினார். கண்ணாடியில் அவரும் தெரிந்தார், சுவரில் இருந்த படமும் தெரிந்தது. நான் தலையைக் குனிந்து மெஷின் ஊசியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். இஸ்திரி போட்டார். இரண்டு கையையும் சேர்த்து வைத்துச் சரிபார்த்தார். பிறகு சுவரில் இருந்த படத்தை மெல்லப் பிய்த்து, திருப்பிப் பிடித்து, என்னிடம் கொடுத்தார்.

“இதையும் கொண்டு போயிருங்க. அது எங்கிட்ட இருக்கட்டும்,” என்று அசல் படத்தைக் காட்டினார். “இப்ப எடுத்துக்கச் சொல்லுங்க.”

பன்னிரண்டு இருபதுக்குத் திருத்தம் போனது. நிர்மலாவுக்குத் தனியாக எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பைப்பிங் விஷயத்தைச் சொல்லவில்லை.

அலமாரியில் வைத்தது

கணினியில் இருந்த அந்தப் படக் கோப்பை என்ன செய்வது, அழித்துவிடட்டுமா என்று டெரன்ஸ் கேட்டான். எனக்கு அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கணினியில் ஒரு மூலையில் போட்டேன். ராஜேஸ்வரி அக்கா கொடுத்த படத்தையும் பார்க்காமல், கவிழ்த்தபடியே அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. பின்னால் மெஷின் ஓடியது.

“பார்த்தீங்களாம்மா?”

எதை என்று நான் கேட்கவில்லை.

“அந்தப் படத்துல இப்ப ரெண்டு கையும் சரியா இருக்கா?”

கணினி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு தட்டுத் தட்டினால் திறந்துவிடும். பிசிறு அப்படியே இருந்தால் இந்த அம்மாவிடம் என்ன சொல்வது? இல்லாமல் இருந்தால் நான் என்ன செய்வது?

“சரியா இருக்குக்கா,” என்றேன்.

“பைப்பிங் நேரா விழுந்திருக்கா? அவசரத்துல ஓட்டுனேன்.”

“நேரா இருக்குக்கா. நல்லா இருக்கு.”

“அப்பச் சரி,” என்று வைத்துவிட்டார்.

படத்தை நான் திறக்கவில்லை. வேலையை விட்டு வந்தபோது அந்தப் படக் கோப்பையும் ஒரு யுஎஸ்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இதை எழுதும் மேசையில்தான் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.